தாஸிம் நானாவின் மூக்கும் பதினாறு சஹனும்

தாஸிம் நானா ஒருநாளும் கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்த்தவரல்ல. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நட்டமும் கிடையாது. பதுளையில் கலியாணச் சோறு தின்ற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கிடாரத்தின் மூடியைக் கொஞ்சம் தூக்குவார், முகத்தைச் சாய்த்து ஒரு மூச்சு இழுப்பார், கண்ணை மூடுவார். "அரப்பிடி போடு" என்பார். அவ்வளவுதான். அந்த அரைப்பிடிக்கு மேலேயும் வேண்டியிருக்காது, கீழேயும் வேண்டியிருக்காது.

இது நோன்பு மாதத்தில் வந்த பழக்கம். பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சப் போன இளவயதில், நோன்பு பிடித்துக்கொண்டு எப்படி உப்புப் பார்ப்பது என்று தடுமாறியிருக்கிறார். நாக்கில் வைத்துத் துப்பிவிடு, குற்றமில்லை என்று தொழுகை நடத்துகிற லெப்பை சொன்னாராம். "என்ட நாக்க எனக்குத் தெரியும் லெப்பை. அது துப்ப உடாது, உள்ளுக்கு இழுத்துக்கும்" என்று இவர் மறுத்துவிட்டார். முதல் வருஷம் கஞ்சி ஒருநாள் உப்புக் கரித்தது, ஒருநாள் சப்பென்று இருந்தது. மூன்றாம் வருஷம் ஆவியை மோந்தே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நோன்பு இல்லாத பதினொரு மாதத்துக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

நான் ஷுக்ரி. அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரன். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் பேனாவைத் தூக்கிவிடுவேன். பேனா கிடைக்காவிட்டால் வாய் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் நான் செய்ததெல்லாம் உருப்படாமல் போனது. அதை நானே சொல்லிவிடுவது மரியாதை.

தாஸிம் நானா பிறந்தது கோப்பிக் காலத்தில். அவருடைய வாப்பா தோட்டத்துக் கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் போனவர். இவர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வண்டிக்காரர்களுக்குச் சமைக்கப் போய்விட்டார். வழியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, ஆறு ஆறு பேராக ஒரு தட்டைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருநாள் அப்புத்தளை ஏற்றத்தில் மாடு ஒன்று காலை நொண்டி, அதைப் பார்த்துவிட்டு இவருடைய வாப்பா பிந்தி வந்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை. மற்ற ஐந்து பேரும் விரலைச் சூப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். வாப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியைப் பூட்டினார். பரிமாறியது மகன். அந்த வெட்கத்தை அவர் விடவே இல்லை. எனக்குச் சொல்லும்போதும் அவருக்குக் கண் கலங்கும்.

கோப்பிச் செடியில் பூஞ்சணம் விழுந்து தோட்டங்கள் அழிந்தன, தேயிலை வந்தது, வண்டிக்காரர்கள் சிதறிப் போனார்கள். தாஸிம் நானா மட்டும் அகப்பையை விடவில்லை. கலியாணமா, கந்தூரியா, மௌலூதா, பதுளை வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் விருந்தில் தனித்தனி இலை போட்டுச் சாப்பிடுவதில்லை. சஹன் என்று பெரிய தாம்பாளம், அதில் சோறும் கறியும் குவித்து நடுவில் வைப்பார்கள், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். மற்றச் சமையல்காரர்கள் ஐந்து பேர் இருந்தாலும் வைப்பார்கள், நாலு பேருக்கும் வைப்பார்கள். தாஸிம் நானா வைக்கமாட்டார். எல்லாப் பாயிலும் ஆறு பேர் நிறைய வேண்டும், அதற்குப் பிறகுதான் முதல் சஹன் அவர் கையை விட்டு நகரும். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் மாமனே கத்திப் பார்த்தார். "கத்துங்க, ஆனா ஆறாவது ஆளக் கூட்டிவந்துட்டுக் கத்துங்க" என்றார் இவர்.

எங்கள் கொய்யாச் சந்தின் கடைசி வீடு அவருடையது. வீட்டுக்குப் பின்னால் வளவு, வளவில் மூன்று பெரிய அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் தோட்டத்திலிருந்து பெரியாயி என்ற கிழவி, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளைத் தலையில் சுமந்து வந்து போடுவாள். ஸவாஹிரா, தாஸிம் நானாவின் மனைவி, அவளுக்கு வட்டிலாப்பம் ஒரு துண்டு வைத்திருப்பாள். பெரியாயி தின்றுவிட்டு, "இன்னிக்கு ஏலக்கா தூக்கலா இருக்குங்க" என்று குற்றம் சொல்லாமல் போகமாட்டாள். ஸவாஹிரா சண்டை பிடிக்காமலும் விடமாட்டாள். நெய்யும் ரம்பை இலையும் மணக்கும் சந்து எங்கள் சந்து. சந்துக்குள் நுழைகிறவன் வீட்டு இலக்கம் கேட்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் அந்த மணத்துக்கு ஆபத்து வந்தது.

அலவி ஹாஜியார் தெற்கே காலி நகரத்துப் பக்கத்துக்காரர். தோல் வியாபாரி. ஊவா மாகாணம் முழுக்க அறுக்கிற ஆட்டுத்தோல் மாட்டுத்தோலையெல்லாம் வாங்கி, உப்புப் போட்டு, கட்டுக் கட்டாக வண்டியில் பண்டாரவளைக்கு அனுப்பி ரெயிலில் ஏற்றுவார். அப்போது பதுளைக்கு ரெயில் வரவில்லை. தாஸிம் நானாவின் வேலிக்கு அடுத்த வெறும் காணியை அவர் வாங்கி, தகரக் கூரை போட்டு நீளமாக ஒரு கிடங்கு கட்டினார். வேலைகூட முடியவில்லை, அதற்குள் முதல் வண்டித் தோல் வந்து இறங்கிவிட்டது.

அல்லாஹ்வே, அந்த நாற்றம்! சொல்லும்போதே என் கை பேனாவைத் தேடுகிறது, கோபத்தில். வெயில் ஏறினால் அது எழுந்து உட்காரும். மழை பெய்தால் வீட்டுக்குள் வந்து படுக்கும். ஈ இலையான்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. என் மனைவி ஹம்ஸியா சோற்றுப் பானையைத் திறந்தால் மூடமுடியாது, மூடினால் திறக்கமுடியாது. சந்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினோம், யார் பேசுவது என்று கண்ணை மூடினால் தெரியாது.

எங்களுக்கு அது தொல்லை. தாஸிம் நானாவுக்கு அது சோற்றில் விழுந்த மண்.

தோல் வந்த எட்டாம் நாள் ஹாலி-எலையில் ஒரு கலியாணத்துக்குச் சமைக்கப் போனார். மூடியைத் தூக்கினார், மூச்சு இழுத்தார், உப்புப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினார், மறுபடி போடச் சொன்னார். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் குடித்த தண்ணீருக்குக் கிணறு ஒரு முழம் இறங்கியது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து திறந்த அடுப்புக்கு முன்னால் குந்திவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஸவாஹிரா, எனக்கு வாசம் வருதில்ல. நெய்யும் ஒண்டுதான், தண்ணியும் ஒண்டுதான். மூக்கு செத்துப் பெய்த்து."

அவர் அழுதார். பெரிய ஆம்பிளை, கிடாரத்தை ஒற்றை ஆளாக இறக்குகிறவர், பிள்ளை மாதிரி அழுதார். அந்தக் கிழமையே இரண்டு கலியாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் பேனாவைத் தூக்கினேன். ஆங்கிலத்தில் ஒரு மனு, பதினொரு பக்கம். ரோம சாம்ராச்சியத்தில் தோல் பதனிடுகிறவர்களை எங்கே வைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கியிருந்தேன். கச்சேரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கொய்யாச் சந்து என்ற பெயரே ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. பிறகு ஹாஜியாரிடம் நாலு பேராகப் போனோம். நான் சண்டைக்கென்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மனிதர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் தந்து, எங்கள் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். இப்படிப்பட்டவனோடு எப்படி ஐயா சண்டை பிடிப்பது?

"நாத்தமா? கொஞ்ச நாள்ல பழகிடும். நாலு பேர் பொழைக்கிற தொழில்தானே" என்று சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீடு வீடாக அழைப்பு வந்தது. வருகிற ஞாயிறு கிடங்குத் திறப்பு. மௌலூது ஓதி, பகல் சாப்பாடு. சந்தில் உள்ள ஆண்கள் தொண்ணூற்றாறு பேர், பதினாறு சஹன். சமையல், தாஸிம் நானா.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஹாஜியார் லேசுப்பட்ட ஆளில்லை. மௌலூதுக்கு அழைத்தால் போகாமல் இருப்பது மரியாதைக் கேடு. போய்ச் சாப்பிட்டாலோ, ஒருவனுடைய கிடங்குத் திறப்புச் சோற்றை வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவன் கிடங்கு நாறுகிறது என்று யார் வாய் திறப்பது? சந்து முழுவதையும் ஒரு பகல் சோற்றில் கட்டிப் போடப் பார்த்தார். அதற்குச் சமைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டது யார்? வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற மனிதர்!

ஒரே பாய்ச்சலில் அவர் வளவுக்குள் போனேன். எனக்குப் பின்னால் சந்தில் பாதி வந்தது.

"நானா, உங்களுக்கு வெக்கமில்லியா? உங்கட கழுத்த அறுக்கிறவனுக்கு நீங்களே கத்தி தீட்டிக் குடுக்கிறீங்களே!"

"மௌலூதுச் சோறு ஷுக்ரி. அத எப்பிடி ஏலாதெண்டு செல்றது?"

"செரி, ஒத்துக்கொண்டீங்க. அப்ப உப்ப அள்ளிப் போடுங்க. ஹாலி-எலையில போட்டீங்களே, அதப்போல ரெண்டு பங்கு போடுங்க. ஒருத்தனும் வாயில வைக்க ஏலாமப் போகட்டும்!"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அகப்பை கையில் இருந்தது, அதை என்மேல் போடாமல் கீழே போட்டார். "அல்லாஹ் தந்த அரிசில நான் வேணுமெண்டு கை வெக்கமாட்டேன். ஹாலி-எலையில மூக்கு செஞ்ச பிழைக்கே எனக்கு நித்திரை இல்ல. நீ கைய வெச்சுப் பிழை செய்யச் செல்றியா? போ வெளிய!"

நான் போகவில்லை. நானும் கத்தினேன். "ஊரக் காட்டிக் குடுத்த ஆள்" என்றும் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தும் பெரியாயி விறகோடு வந்திருந்தாள், விருந்துக்கென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டை இறக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் சண்டையைக் கோயில் கூத்துப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுக்கா இம்புட்டு சத்தம்?" என்றாள். "எங்க தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுவாங்கள்ல. ஒரு ஆளு கொறஞ்சாப் போதுங்க, கங்காணி ஒருத்தரயும் மலைக்கு அனுப்பமாட்டாரு. அம்புட்டு பேரும் கூடயோட நிப்போம். தொரயும் குதுரைய வச்சிக்கிட்டு நிப்பாரு. போன மாசம் எங்க லயத்து வீட்டு வள்ளியம்மை வேணுமின்னே லயத்துக்குள்ள குந்திக்கிட்டா, கொழுந்துக் கூட ஓட்டயா இருக்கு, மாத்திக் குடுக்கலன்னு. நாங்க ஒரு வார்த்த பேசல. வரிசயா நின்னோம். பத்து மணிக்குப் புதுக் கூட வந்திருச்சு."

தாஸிம் நானா பெரியாயியைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த அகப்பையை எடுத்துத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல ஏறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஷுக்ரி, தொண்ணூத்தாறுல பதினாறு போனா எத்தன?"

"எம்பது."

"எம்பது பேரு பதினாறு பாயில எப்பிடி உக்காருவீங்க?"

எனக்குப் புரிந்தபோது நான் கூச்சல் போட்டேன். சற்று முன்பு திட்டிய அதே வாயால் அவருக்கு துஆச் செய்தேன்.

ஞாயிறு வந்தது. திறப்புக்காகத் தோலையெல்லாம் இரண்டு நாள் முன்பே அப்புறப்படுத்தி, தரையைக் கழுவி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். தாஸிம் நானாவின் மூக்கும் திரும்பி வந்திருந்தது. கிடங்குக்குப் பின்புறம் அடுப்பு மூட்டி, அவர் அன்று சமைத்ததைப் போல ஒருநாளும் சமைத்ததில்லை. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, அச்சாறு. சோறு வெந்ததும் கிடாரத்து மூடியைச் சுற்றி மாவைப் பிசைந்து ஒட்டி, மேலே தணல் அள்ளிப் போட்டார். "எத்தன மணி நேரம் சூடு தாங்கும்?" என்று கேட்டேன். "ஒரு முரண்டு புடிக்கிற மனுசன் ஆறி வாற வரைக்கும் தாங்கும்" என்றார்.

மௌலூது ஓதி முடிந்தது. கெண்டித் தண்ணீர் வந்தது, எல்லாரும் கை கழுவினோம். பதினாறு பாயிலும் போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாயிலும் ஐந்து பேர். கழுவிய கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தோம்.

ஹாஜியார் வாசலில் நின்று சிரித்த முகமாய்ப் பார்த்தார். சோறு வரவில்லை. மறுபடி பார்த்தார்.

"என்ன, இன்னும் சஹன் வரல்லியா?"

"ஒரு ஆள் கொறயுது ஹாஜியார்" என்றேன் நான்.

"இங்கயும் ஒரு ஆள் கொறயுது" என்றது அடுத்த பாய்.

"இங்கயும்!" "இங்கயும் ஹாஜியார்!" கிடங்கின் கடைசி வரைக்கும் அது போய்த் திரும்பி வந்தது. எங்கள் பாயில் இருந்த ஸலீமுக்குச் சிரிப்புத் தாங்காமல் தோள் குலுங்கியது. நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

ஹாஜியார் ஒரு பாயிலிருந்து இரண்டு பேரை எழுப்பி அடுத்ததில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். "நாங்க காக்கா தம்பி, கூடப் பொறந்தவங்க, ஒண்டா உக்காந்துட்டோம், மன்னிச்சிக்கோங்க" என்றார்கள். அடுத்த பாயில் ஒருவருக்கு முழங்கால் வலி, இருந்தால் எழும்ப ஏலாது. அதற்கு அடுத்ததில் மச்சான்மார். ஹாஜியாரே ஒரு பாயில் குந்தப் போனார், குந்தினால் மற்றப் பதினைந்து பாய்க்கு என்ன செய்வது என்று பாதியில் நின்றார். தன் கணக்கப்பிள்ளையை ஆள் தேடித் தெருவுக்கு அனுப்பினார். அவர் போய்விட்டு வந்து, கடைத்தெருவில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்களாம் என்றார். ஒருவரும் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் வயிறு இருக்கிறதே, அது பின்னாலிருந்து வந்த இறைச்சிக்கறி மணத்துக்குக் கதறியது. நானே எழுந்து போய் ஆறாவது ஆளாகிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஹாஜியார் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மனு எழுதுகிறவனுக்கு நேரில் பார்ப்பது முக்கியம். எங்கள் பாயில் நாலு பேரானார்கள்.

"தாஸிம், சோத்தப் போடு."

"போடுறேன் ஹாஜியார். ஆறாவது ஆள் எங்க?"

"அஞ்சு பேர் தின்னட்டும்! மிஞ்சினா மிஞ்சட்டும்!"

"அஞ்சு பேருக்கு நான் இந்த வயசு வரைக்கும் சஹன் வெச்சதில்ல. உங்களுக்குத் தெரியும்."

ஹாஜியார் முட்டாளில்லை. குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதினாறு பேரும் எங்க?"

"வேலிக்கு அங்கால, என்ட வளவுல. அவங்களும் பசியோடதான் ஈக்கிறாங்க."

"என்னத்துக்கு இந்த வேலை? உனக்கு நான் என்ன செஞ்சேன்?"

தாஸிம் நானா கத்தியை எடுத்தார். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. அவர் கிடாரத்துத் தணலைத் தட்டிவிட்டு, மூடியைச் சுற்றிய மாவைக் கீறி, மூடியைத் தூக்கினார். நெய்யும் ரம்பையும் ஏலமும் கறுவாப்பட்டையும் சேர்ந்து எழுந்த அந்த ஆவி கிடங்குக்குள் போனதும் மிச்சம் எழுபத்தொன்பது பேரும் "யா அல்லாஹ்" என்று முனகியது எங்களுக்குக் கேட்டது.

"இதுக்குத்தான் ஹாஜியார். நல்லா இழுத்துப் பாருங்க. நான் நாக்கால சமைக்கிறவன் இல்ல, இதால சமைக்கிறவன். தோல் வந்த எட்டு நாள்ல எனக்கு இது இல்லாமப் பெய்த்து. நீங்க எங்கட சந்துல இருங்க, எங்களோட திண்ணுங்க. தோல் மட்டும் வேணாம். இழுத்துப் பாருங்க, பொறகு செல்லுங்க."

ஹாஜியார் கிடாரத்துக்கு மேலே குனிந்தார். ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். ஆவி பட்டு அவர் தாடியில் நீர் கோத்தது.

"எப்பிடி ஹாஜியார் வாசம்?"

"வாசமா?" என்றார். தாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எனக்கு ஒண்டும் வருதில்ல தாஸிம்."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"எத்தினையோ வருஷமாச்சு. எப்ப போனதெண்டும் தெரியாது. பழகிட்டேன் எண்டுதான் நெனச்சேன். ஊட்டுல கறி கருகினா பொஞ்சாதி கத்துவா, நான் திண்டுட்டு எழும்பிப் போவேன். மகள் பொறந்தப்ப கையில தந்தாங்க. புள்ளையோட தலைய எல்லாரும் மோந்து மோந்து பாத்துச் சிரிச்சாங்க. நானும் மோந்தேன். நானும் சிரிச்சேன்."

நான் யார்மேல் பதினொரு பக்கம் எழுதினேனோ அந்த மனிதர் இவரா? தாஸிம் நானாவின் கையிலிருந்த கத்தி எங்கேயோ விழுந்தது. அவர் ஹாஜியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்ச நாள்தான் போனது ஹாஜியார். அதுக்கே நான் அழுதேன்."

ஹாஜியார் கிடாரத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "என்ட மூக்குப் பெய்த்து" என்றார். "உன்ட மூக்காவது ஈக்கட்டும்." பிறகு வேலிப் பக்கம் திரும்பி, பண்டாரவளைக்கே கேட்கும்படி போட்டார் ஒரு சத்தம்: "அடே பதினாறு பேரும் வாங்கடா! தோலும் இல்ல, கீலும் இல்ல! சோறு ஆறுது!"

வாசல் வழியாக வருவார்கள் என்று பார்த்தால், வேலியோடு வந்தார்கள். வேலி பாதி சரிந்தது. என் தம்பி தாவும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரம் முள்ளில் மாட்டி, சாரத்தைப் பிடிப்பதா ஓடுவதா என்று தவித்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எங்கள் பாயில் வந்து விழுந்தான். லெப்பை பிஸ்மி சொன்னதையே சிரிப்புச் சத்தத்தில் பலர் கேட்கவில்லை. பதினாறு சஹனும் ஒன்றன்பின் ஒன்றாக ஆவி பறக்க வந்து இறங்கின. ஐந்து விரலும் சுட்டது. ஒருவரும் கையை எடுக்கவில்லை. விறகுக் கூலிக்கு வந்து நின்ற பெரியாயிக்கு ஸவாஹிரா ஒரு சட்டி நிறைய அனுப்பினாள். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றுவிட்டு, "இன்னிக்கு எல்லாம் சரியா இருக்குங்க" என்றாளாம். ஸவாஹிராவுக்கு அதுவே பெருநாள்.

ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த கிழமையே தோல் கிடங்கு ஆற்றுக்கு அப்பால், வீடு வாசல் இல்லாத இடத்துக்குப் போனது. தகரக் கொட்டிலை அரிசிக் கடையாக்கி, காலியிலிருந்து குடும்பத்தைக் கூட்டிவந்து எங்கள் சந்திலேயே குடியேறினார். தாஸிம் நானா இன்றைக்கும் சமைக்கிறார். தலை நரைத்துவிட்டது, மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "எத மன்னிக்க? நீ எந்த நாளும் ஏதாச்சும் செல்றதுதானே" என்று என் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்த ஞாயிறு பகல் நான் கண்டது ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லாருக்கும் வைத்த பிறகு பதினேழாவதாக ஒரு சஹன் வந்தது. ஹாஜியார், கணக்கப்பிள்ளை, அடுப்படி ஆட்கள் மூன்று பேர், தாஸிம் நானா. எங்கள் பாய்க்குப் பின்னால்தான் உட்கார்ந்தார்கள், முதுகோடு முதுகு. நான் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஹாஜியார் முதல் பிடியை எடுத்து வாயில் வைத்து மென்றார்.

"இது என்ன மாதிரி ஈக்கிது தாஸிம்? எனக்குச் செல்லு."

தாஸிம் நானா யோசித்தார். "உங்கட காலி ஊருல மழைக்குப் பொறகு கறுவாப்பட்டை உரிப்பாங்களே, பாத்தீக்கிறீங்களா?"

"எங்கட உம்மா உரிச்சவதான். நான் பக்கத்துல குந்திக்கொண்டு ஈப்பேன்."

"அவட கை எப்பிடி மணக்கும்?"

ஹாஜியார் மெல்லுவதை நிறுத்தினார். கிடங்கு முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. நான் சோற்றில் கையை வைத்தபடி காதைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓ" என்றார் ஹாஜியார், பிள்ளைக் குரலில். "ஓ, தாஸிம். அவட கை."

"அதுதான் இந்தச் சோத்துல பாதி" என்றார் தாஸிம் நானா. "இப்ப இறைச்சிய எடுங்க, மத்தப் பாதியச் செல்றேன்."